படையிலிருந்து தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரு வழி வேண்டும்: கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கன்னியாகுமரி மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். தரைப்படையின் மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, ஹவில்தாராக ஓய்வுபெற்று, இப்போது கல்குளம் வட்டத்தில் குடியிருக்கும் ஒருவன் எழுதும் மடல் இது. பென்ஷன் ஆகி ஊர் திரும்பும் நம் மாவட்டத்துப் படைவீரர்கள் தீயணைப்புப் பணிக்கும் அவசர மருத்துவப் பணிக்கும் முறையாகச் சென்று சேர்வதற்கான வழியை இங்கேயே அமைத்துத் தர வேண்டும் என்று கேட்பதற்காகவே எழுதுகிறேன். சென்னையிலுள்ள துறைத் தலைமைகளுக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் தாங்கள். தீயணைப்புத் துறையின் மாவட்ட அலுவலரையும், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி முதல்வரையும், முன்னாள் படைவீரர் நலத் துறையின் உதவி இயக்குநரையும் ஒன்றாக உட்காரவைத்து முடிவெடுக்கச் செய்யக்கூடியவர் இம்மாவட்டத்தில் தாங்கள் ஒருவர்தான்.

நம் மாவட்டத்துக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவைத் தங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை முறியடித்த திருவிதாங்கூர்ப் படையின் மரபு இன்றும் மெட்ராஸ் ரெஜிமெண்டில் தொடர்கிறது. அந்த வெற்றித் தூண் குளச்சலில் நிற்கிறது. விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் எந்தத் தெருவில் கேட்டாலும் படையில் இருப்பவரோ, இருந்து வந்தவரோ ஒருவராவது இருப்பார். கடலோர ஊர்களிலிருந்து கடற்படைக்கும் கடலோரக் காவல் படைக்கும் போனவர்களும் ஏராளம். ஆனால் இவர்கள் திரும்பி வரும்போது எந்த வயதில் வருகிறார்கள் என்பதை வெளியிலுள்ளவர்கள் பலர் கவனிப்பதில்லை. பதினெட்டு, இருபது வயதில் சேர்ந்த சிப்பாய், பதவி உயர்வு கிடைக்காவிட்டால் முப்பதுகளின் நடுவிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார். 2022-க்கு முன்பு கடற்படையில் சேர்ந்த மாலுமிகளில் பெரும்பாலோருக்கு முதல் ஒப்பந்தம் 15 ஆண்டு. அதை முடித்து வருபவருக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் வயது, வீட்டுக் கடன் ஓடிக்கொண்டிருக்கும் வயது, உடம்பு இன்னும் இருபது ஆண்டு உழைக்கத் தயாராக இருக்கும் வயது அது.

அப்படி வருபவருக்கு இங்கே காத்திருக்கும் வேலை பெரும்பாலும் ஒன்றுதான்: வங்கி வாசலிலோ, ஏடிஎம் முன்னாலோ, மருத்துவமனை நுழைவாயிலிலோ காவலாளி. 1986-இல் தொடங்கப்பட்ட, தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ நிறுவனம் பல்லாயிரம் முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதன் மீது எனக்கு மரியாதை மட்டுமே உண்டு. காவல் பணியும் மதிப்பான பணிதான். ஆயினும் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த தொடையில் இரத்தம் பீறிடுவதை நிறுத்தத் தெரிந்தவரையும், புகை மண்டிய கப்பல் அறைக்குள் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு நுழையத் தெரிந்தவரையும், இரண்டும் தெரியாத இன்னொருவரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைக்கும் ஏற்பாட்டில் நாட்டுக்குப் பெரிய இழப்பு இருக்கிறது. அந்தத் திறமையை உருவாக்க அரசு செலவழித்த பணமும் காலமும் ஓய்வு பெறும் நாளோடு வீணாகின்றன.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பகுதியில் பனையேறும் தொழிலாளி ஒருவர் மரத்திலிருந்து விழுந்தார். சுற்றி நின்றவர்கள் அவரை அள்ளி ஆட்டோவில் போட முனைந்தபோது, பக்கத்துத் தோப்பிலிருந்து ஓடிவந்த முன்னாள் படைவீரர் ஒருவர் யாரையும் தொடவிடவில்லை. விழுந்தவரின் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் தலையைக் கழுத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கால் விரலை அசைக்கச் சொன்னார். ஒரு கால் அசையவில்லை. பழைய கதவு ஒன்றைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னார். மூன்று பேரை ஒரே பக்கமாக நிறுத்தி, தோளை ஒருவரும் இடுப்பை ஒருவரும் முழங்காலை ஒருவருமாகப் பிடிக்கச் செய்து, தாம் எண்ணும் எண்ணுக்கு எல்லோரும் சேர்ந்து உடலை மரக்கட்டையை உருட்டுவதுபோல் உருட்டிக் கதவின் மேல் கிடத்தினார். துண்டுகளைச் சுருட்டித் தலையின் இருபுறமும் வைத்துக் கட்டினார். 108 வண்டி வரும்வரை அவர் கை அந்தத் தலையை விட்டு எடுபடவே இல்லை. வண்டியில் வந்த அவசர மருத்துவத் தொழில்நுட்பரான பெண் எல்லாவற்றையும் ஒரு பார்வையில் புரிந்துகொண்டு, கழுத்துப் பட்டையை மாட்டியபடியே, “அண்ணா, நீங்க எங்க வேலை பாக்கிறீங்க?” என்று கேட்டார். “செக்யூரிட்டிம்மா” என்றார் அவர். மாவட்டத்தில் எத்தனை பேர் இந்த ஒரு சொல்லைப் பதிலாக வைத்திருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

தீயணைப்பிலும் நிலைமை இதுவே. கடற்படையில் சமையல்காரர், எழுத்தர், இயந்திரக்காரர் என்று எந்தப் பிரிவில் இருந்தாலும் தீயணைக்கவும் கப்பல் சேதத்தைக் கட்டுப்படுத்தவும் கற்றாக வேண்டும். லோனாவாலாவில் ஐஎன்எஸ் சிவாஜி வளாகத்தில் அதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது. நடுக்கடலில் தீப்பிடித்தால் 101-க்கு அழைக்க முடியாது, ஓடித் தப்பவும் இடம் கிடையாது என்பதால் அந்தப் பயிற்சி கடுமையானது. எரியும் அறையின் கதவைத் தொட்டு வெப்பம் பார்ப்பது, அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே அடைந்து கிடக்கும் புகையே பற்றி வெடிக்கும் என்பதை அறிந்து காத்திருப்பது, பக்கத்து அறைச் சுவரை நீர் தெளித்துக் குளிர்வித்துத் தீ பரவாமல் தடுப்பது, பொத்தலிட்ட இரும்புத் தகட்டில் மர ஆப்பு அடித்து நீரை நிறுத்துவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை. நம் மாவட்டத்து முந்திரி ஆலைகளில் தோட்டு எண்ணெய் பற்றினாலும், ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தும் அறைகளில் தீப்பிடித்தாலும், விசைப்படகின் இயந்திர அறையில் டீசல் எரிந்தாலும் இதே அறிவுதான் வேண்டும். குளச்சல், கன்னியாகுமரி தீயணைப்பு நிலையங்களின் எல்லைக்குள்ளேயே இந்த அறிவுள்ளவர்கள் எத்தனையோ பேர் குடியிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்தையும் அதே அளவு அழுத்தத்தோடு சொல்ல வேண்டியது என் கடமை. படையில் கற்றதை அப்படியே கொண்டுவந்து ஊருக்குள் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. போர்முனைக் காயக்காரர் இருபத்தைந்து வயது இளைஞர். இதயம், சிறுநீரகம், சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கும். அவருடைய முதல் ஆபத்து இரத்த இழப்பு. ஆகவே படை மருத்துவத்தின் முதல் பாடம் இரத்தத்தை நிறுத்து என்பது. இங்கே 108-க்கு அழைக்கும் வீட்டில் படுத்திருப்பவர் அறுபத்தைந்து வயது சர்க்கரை நோயாளி. அவருக்கு மாரடைப்பு வந்தால் நெஞ்சுவலிகூட இல்லாமல் போகலாம். வியர்வையும் மூச்சிரைப்பும் மட்டும் இருக்கலாம். அடுத்த அழைப்பு பிரசவ வலி. அதற்கடுத்தது பூச்சிமருந்து குடித்த இளைஞன். அதற்கடுத்தது வலிப்பு வந்த குழந்தை. இவற்றில் பெரும்பாலானவற்றைப் படைவீரர் தம் பணிக்காலத்தில் பார்த்திருக்கவே மாட்டார். குடும்பங்களுக்கான படை மருத்துவமனையில் பணி கிடைத்த என்னைப் போன்ற சிலரே பார்த்திருப்போம்.

பாம்புக்கடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதிகாலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகும் தொழிலாளியை விரியன் கடிக்கிறது. இரத்தப்போக்கை நிறுத்த டூர்னிக்கெட் என்ற இறுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை, கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டத்தான் முதலில் போகும். போர்முனையில் உயிரைக் காத்த அதே கட்டு இங்கே தீங்கு செய்யும்: விரியன் நஞ்சு திசுவை அழிப்பது, இரத்த ஓட்டம் நிறுத்தப்பட்ட காலில் அது தேங்கி இன்னும் அழிப்பது, பிறகு கட்டை அவிழ்க்கும்போது நஞ்சு ஒரேயடியாக உடம்பில் ஏறுவது என்று வரிசையாக ஆபத்துகள் உண்டு. காலை அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல், நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்வதே சரியான முதலுதவி. கைப்பழக்கம் எவ்வளவு ஊறியதோ அவ்வளவு கவனத்தோடு அதை மாற்றிப் பழக்க வேண்டும். இதனால்தான் முன்னாள் படைவீரர் என்ற ஒரே தகுதியில் யாரையும் வண்டியில் ஏற்றிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இடைப்பயிற்சி வேண்டும், தேர்வு வேண்டும், தேறியவருக்குச் சான்று வேண்டும் என்று கேட்கிறேன்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அது பாடப்புத்தகத்தில் இருக்காது. படையில் கூட்டம் நம் சொல்லைக் கேட்கும். ஊரில் விபத்து நடந்த இடத்தில் நூறு பேர் நிற்பார்கள். பாதிப் பேர் கைப்பேசியில் படம் எடுப்பார்கள், மீதிப் பேர் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், ஒருவர் சோடா கொண்டுவந்து நினைவில்லாதவர் வாயில் ஊற்ற வருவார். அவர்களை அதட்டினால் அடிதடியாகிவிடும். அன்பாகப் பேசி, வேலை கொடுத்து, அவர்களையே உதவியாளர்களாக மாற்றும் பக்குவத்தை 108 ஊழியர்களும் தீயணைப்பு நிலையத்தாரும் ஆண்டுக்கணக்கில் கற்று வைத்திருக்கிறார்கள். அதை அவர்களிடமிருந்துதான் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

இப்போதுள்ள வாசல்களைப் பார்ப்போம். தீயணைப்பாளர் பணிக்குத் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர் ஆகியோருடன் சேர்த்துப் பொதுத் தேர்வு நடத்துகிறது. 2022 அறிவிப்பில் மொத்தம் 3552 இடங்களில் தீயணைப்பாளர் இடங்கள் 120. 2023 அறிவிப்பில் 3359-இல் 674. முன்னாள் படைவீரர்களுக்கு 5 விழுக்காடு ஒதுக்கீடும், 47 வயது வரை உச்ச வரம்புத் தளர்வும் உண்டு. ஆகவே இந்த வாசல் அடைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தேர்வில் ஒருவர் கப்பலில் தீயணைத்தவரா, கணக்கு எழுதியவரா என்பதற்கு எந்த வேறுபாடும் இல்லை. தேறி வந்தவர் எல்லோரோடும் சேர்ந்து அடிப்படையிலிருந்தே பயிற்சி தொடங்குகிறார். அது பரவாயில்லை, அடிப்படையைத் திரும்பக் கற்பதில் யாருக்கும் குறைவு வந்துவிடாது. அறிவிப்பு வந்த செய்தியே பலருக்கு எட்டுவதில்லை என்பதும், பதினைந்து ஆண்டு எல்லைப் பகுதிகளில் இந்தி பேசிக் கழித்தவருக்குத் தமிழ்த் தகுதித் தேர்வுக்கு ஆயத்தமாக யாரும் கைகொடுப்பதில்லை என்பதும்தான் குறை. தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பாக நாகர்கோவிலில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினால் போதும், இந்தக் குறை தீரும்.

அவசர மருத்துவத்தின் வாசல் இன்னும் குறுகலானது. தமிழ்நாட்டில் 2008 முதல் இயங்கும் 108 சேவைக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளர் பணிக்கு நர்சிங் படிப்போ, ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயமோ, விலங்கியல், தாவரவியல் போன்ற உயிர் அறிவியல் பட்டமோ கேட்கிறார்கள்; வயது 19 முதல் 30 வரை. ஓட்டுநருக்கு 24 முதல் 35 வரை. விலங்கியல் பட்டதாரி ஒருவர் பயிற்சி பெற்று நல்ல தொழில்நுட்பராக முடியும் என்று அரசு நம்புவது சரியான நம்பிக்கை. அப்படி வந்து சிறப்பாகப் பணியாற்றும் பலரை எனக்குத் தெரியும். அதே நம்பிக்கையைப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துத் தேறி, லக்னோவிலுள்ள படை மருத்துவப் பிரிவின் மையத்தில் பயிற்சி பெற்று, பதினேழு ஆண்டு காயக்காரர்களோடு வாழ்ந்த ஒருவர் மீது வைக்க முடியாமல் போவது 30 என்ற அந்த ஒரு எண்ணால். படையிலிருந்து பென்ஷன் பெற்று வருபவர் எவரும் 30 வயதுக்குள் வர இயலாது என்பதை யாரும் திட்டமிட்டுச் செய்ததாக நான் கருதவில்லை. யோசிக்காமல் விட்டதாகத்தான் தோன்றுகிறது. யோசிக்காமல் விட்டதைத் திருத்துவது எளிது.

தனியார் பக்கமும் இதே கதைதான். ஓய்வுபெற்று வந்த புதிதில் நான் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வேலை கேட்டுப் போனேன். என் டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அலுவலர், இது எந்த கவுன்சிலின் சான்று என்று மரியாதையாகவே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் மீது எனக்கு வருத்தமில்லை, அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். துணை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் 2021-இல் வந்து, அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் பதிவுக்குரிய தொழிலாக ஏற்றுக்கொண்டுவிட்டது. இனிப் பதிவு இல்லாதவருக்கு எங்கும் இடம் கிடைக்காது. அது நோயாளிகளுக்கு நல்லது. ஆனால் படையில் பெற்ற பயிற்சியை எந்த அளவுகோலால் மதிப்பிட்டு, எதைக் கூடுதலாகப் படிக்கச் சொல்லி, எந்த ஏட்டில் பதிவது என்பதை இப்போதே முடிவு செய்யாவிட்டால் எங்களுக்கு அந்த வாசல் நிலையாக மூடிவிடும். அமெரிக்கத் தரைப்படையில் போர்முனை மருத்துவ உதவியாளராகப் பயிற்சி பெறுபவர், படையில் இருக்கும்போதே நாடு முழுவதற்கும் பொதுவான அவசர மருத்துவத் தொழில்நுட்பர் சான்றைப் பெற்றாக வேண்டும். வெளியே வரும் நாளில் அவர் கையில் வெளியுலகம் படிக்கத் தெரிந்த தாள் ஒன்று இருக்கிறது. நம் படையிலும் அப்படி அமையும் நாள் வரும் என்று நம்புகிறேன். அதுவரை மாநிலமும் மாவட்டமும் தம் அளவில் செய்யக்கூடியவை உண்டு.

அக்னிவீரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்த மடலின் அவசரம் அங்கேதான் இருக்கிறது. நான்காண்டுக்கு மட்டும் படையில் ஆள் சேர்க்கும், 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின் முதல் அணியினர் 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குச் சென்றனர். நான்காண்டு முடிவது 2026 இறுதியிலும் 2027 தொடக்கத்திலும். இவர்களில் அதிகபட்சம் 25 விழுக்காட்டினர் படையில் தொடர்வார்கள். மற்றவர்கள் சேவா நிதியாக ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயோடு ஊர் திரும்புவார்கள். அவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. ஆகவே சீருடைப் பணியாளர் தேர்வில் நான் மேலே சொன்ன 5 விழுக்காடும் 47 வயதும் இவர்களுக்குப் பொருந்தா. வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று, உடல் உச்ச வலிமையில், ஒழுங்கு ஊறிப்போன நிலையில், கையில் ஒரே நேரத்தில் இவ்வளவு பணத்தோடும் அடுத்தது என்ன என்று தெரியாத மனத்தோடும் இந்தப் பிள்ளைகள் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் வந்து இறங்கப் போகிறார்கள். உத்தரப் பிரதேச அமைச்சரவை 2025 ஜூனில் காவலர் பணிகளோடு தீயணைப்பாளர் பணியிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு அளிக்க ஒப்புதல் தந்தது. எத்தனை விழுக்காடு என்பதைத் தமிழ்நாடு தன் சமூக நீதிக் கணக்குக்கு ஏற்ப முடிவு செய்யட்டும். ஏதோ ஒன்றை முடிவு செய்தாக வேண்டும் என்பதே என் வேண்டுகோள். 108-இன் 30 வயது வரம்புக்குள் இவர்கள் வருகிறார்கள் என்பது நல்ல செய்தி. அதற்குரிய படிப்பு இல்லை என்பதே தடை. இவர்களில் ஆர்வமுள்ளவர்களை ஆசாரிப்பள்ளத்திலேயே துணை மருத்துவப் படிப்பில் சேர்க்க ஓரிரு இடங்களை ஒதுக்கினால் அந்தத் தடை நீங்கும்.

நம் மாவட்டத்துக்கு இத்தகையவர்களின் தேவை மற்ற மாவட்டங்களைவிடக் கூடுதல் என்று நான் கருதுவதற்கு நிலவமைப்பே காரணம். ஒருபுறம் மலை, ஒருபுறம் கடல், நடுவில் குளங்களும் கால்வாய்களும் நெருக்கமான வீடுகளும். 2004 ஆழிப்பேரலையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று கரை நெடுகிலும் உயிரிழந்தோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கடலுக்குப் போனவர்களைக் கொண்டுபோனது; கரையில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்து, மின்கம்பங்கள் விழுந்து, உள்சாலைகள் ஒன்றுவிடாமல் அடைபட்டன. 2021 நவம்பர் மழையில் பழையாறும் குழித்துறை ஆறும் பெருக்கெடுத்தபோது வீடுகளுக்குள் நீர் புகுந்தது. 2024 மே மாதம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரைக் கடல் இழுத்துக்கொண்டது. மருத்துவப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருந்த பிள்ளைகள் அவர்கள். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் இருப்பது அரக்கோணத்தில், மாநிலத்தின் மறு முனையில். அவர்கள் திறமைசாலிகள், வந்து சேரும்போது பெரும் உதவி செய்வார்கள். வந்து சேரும்வரையான மணி நேரங்களில் இங்கே இருப்பவர்கள் மட்டுமே இருப்பார்கள். அந்த மணி நேரங்களில்தான் கையில் பிடித்த கயிற்றை எப்படிக் கட்டுவது, இடிந்த சுவருக்கடியில் இருப்பவரை எந்தப் பக்கமிருந்து எடுப்பது, பத்துப் பேர் அடிபட்டுக் கிடந்தால் யாரை முதலில் வண்டியில் ஏற்றுவது என்று தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். கடைசியாகச் சொன்னது மிகக் கடினமானது. சத்தம் போடுபவரை விட்டுவிட்டுச் சத்தம் அடங்கியவரிடம் முதலில் போக வேண்டும் என்பதை ஒருவர் அறிவால் கற்கலாம். அழுகுரலுக்கு நடுவே அதைச் செய்வதற்கு ஏற்கெனவே செய்திருக்க வேண்டும்.

ஆகவே தங்களிடம் கேட்பது இவை. முதலாவதாக, இம்மாவட்டத்தில் ஓய்வுபெற்று வாழும் படைவீரர்களில் யார் யார் மருத்துவப் பிரிவில் இருந்தவர்கள், யார் தீயணைப்பும் சேதக் கட்டுப்பாடும் கற்றவர்கள், யார் கனரக வாகனம் ஓட்டியவர்கள், யார் பொறியியல் பிரிவில் பாலமும் படகும் கையாண்டவர்கள் என்ற பட்டியலை முன்னாள் படைவீரர் நல அலுவலகம் தயாரிக்கட்டும். பென்ஷனர்களின் பெயர் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. திறமை மட்டும் தனியாக எழுதப்படவில்லை. இந்தப் பட்டியல் மாவட்டப் பேரிடர்த் திட்டத்தின் ஒரு பகுதியாக ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு புதுப்பிக்கப்பட வேண்டும்.

அடுத்தது இடைப்பயிற்சி. என் கணிப்பில் படை மருத்துவப் பிரிவில் இருந்து வந்த ஒருவருக்கு மூன்று மாதம் போதும்: ஒரு மாதம் ஆசாரிப்பள்ளத்தின் அவசர சிகிச்சைப் பிரிவில், ஒரு மாதம் பிரசவ வார்டிலும் குழந்தைகள் வார்டிலும், ஒரு மாதம் 108 வண்டியில் மூன்றாவது ஆளாக. தீயணைப்புக்கு வருபவருக்கு நாகர்கோவில், தக்கலை, குழித்துறை நிலையங்களில் கிணற்று மீட்பு, சமையல் எரிவாயு, மின்சாரத் தீ, கழிவுநீர்த் தொட்டியின் நச்சுவாயு ஆகியவற்றைக் கற்பித்தால் பெரும்பகுதி நிறைந்துவிடும். கிணற்று மீட்பை நான் முதலில் சொல்வதற்குக் காரணம், படையில் எங்களுக்கு யாரும் அதைக் கற்றுத்தரவில்லை. நம் ஊர் நிலையத்து ஆட்களோ கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். பயிற்சி முடிவில் கல்லூரியும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து தேர்வு நடத்தட்டும். தேறாதவரை இன்னொரு முறை படிக்கச் சொல்லட்டும். தயவு காட்ட வேண்டாம்.

மூன்றாவதாக, தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட வயது வரம்பையும் ஒதுக்கீட்டையும் குறித்து அரசுக்குத் தாங்கள் பரிந்துரை அனுப்ப வேண்டும். 108-இல் படை மருத்துவப் பிரிவினருக்கு வயது வரம்பை 45 ஆக உயர்த்தவும், அக்னிவீரர்களைத் தீயணைப்பாளர் தேர்வில் கருத்தில் கொள்ளவும் கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியரே எழுதினால், அது ஒரு முன்னாள் ஹவில்தார் எழுதுவதைவிடப் பத்து மடங்கு கவனிக்கப்படும். கூடவே ஒன்று: மணவாளக்குறிச்சியின் அருமணல் ஆலை, அண்டை மாவட்டத்தின் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரியின் இஸ்ரோ வளாகம் ஆகிய இடங்களிலும் தீத்தடுப்புப் பணியிடங்கள் உண்டு. அவற்றின் அறிவிப்புகளைத் திரட்டி ஒரே இடத்தில் ஒட்டிவைக்க ஒரு பலகை போதும். இப்போது அவை தெரிந்தவருக்குத் தெரிந்த வழியில் மட்டுமே தெரிகின்றன.

இதற்கு எதிராக ஒரு கேள்வி எழும் என்பதை அறிவேன். நர்சிங்கும் துணை மருத்துவமும் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் இளைஞர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். பென்ஷன் வாங்குபவருக்கு அவர்கள் இடத்தைக் கொடுப்பது நியாயமா என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. என் மகள் வயதுப் பிள்ளைகளின் சோற்றில் கைவைக்க எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் தனி ஒதுக்கீடு சிறிய அளவில் இருக்கட்டும் என்றும், நாற்பது வயதைத் தாண்டியவர்களை வேலைக்கு எடுப்பதைவிடப் பயிற்றுநர்களாகப் பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறேன். காயத்தை நேரில் பார்த்திராத இளம் தொழில்நுட்பருக்கு, கை நடுங்காமல் இரத்தக் குழாயை அழுத்திப் பிடிப்பதைக் கற்றுக்கொடுக்க எங்களால் முடியும்; சர்க்கரை குறைந்தவரின் வியர்வைக்கும் மாரடைப்பின் வியர்வைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கட்டும். அரசின் “முதல்வரின் காக்கும் கரங்கள்” திட்டம் தொழில் தொடங்க விரும்பும் முன்னாள் படைவீரருக்கு 1 கோடி ரூபாய் வரை கடனும் 30 விழுக்காடு மானியமும் தருகிறது. கடை வைக்க விரும்புவோருக்கு அது பெரிய வரம். தொடர்ந்து சேவையிலேயே இருக்க விரும்புபவருக்குக் கடன் தேவையில்லை, ஒரு சான்றிதழ்தான் தேவை. அதற்கான செலவும் மிகக் குறைவு.

“இன்னுயிர் காப்போம்” திட்டத்தின்கீழ் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. அந்த 48 மணி நேரத்தின் பலன், விபத்து நடந்த இடத்தில் கழியும் முதல் பத்து நிமிடங்களைப் பொறுத்திருக்கிறது. களியக்காவிளை முதல் ஆரல்வாய்மொழி வரையிலான நெடுஞ்சாலையை ஒட்டி வாழும் முன்னாள் மருத்துவப் பிரிவினருக்கு ஒரு முதலுதவிப் பையும், அழைப்பு வரும்போது 108 கட்டுப்பாட்டு அறையிலிருந்து அவர்களுக்கும் ஒரு குறுஞ்செய்தியும் கிடைத்தால், வண்டி வரும் முன்பே பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே நிற்பார். இதற்கு யாருக்கும் சம்பளம் வேண்டாம். நான் முதல் பெயராகப் பதிந்துகொள்ளத் தயாராக இருக்கிறேன். எங்கள் பகுதியிலிருந்து இன்னும் சிலரையும் அழைத்துவர முடியும்.

அக்னிவீரர்களின் முதல் அணி திரும்பி வந்து சேர்வதற்கு முன்பாகவே மேலே சொன்ன மூன்று அலுவலர்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்துமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அக்கூட்டத்துக்கு முன்னாள் படைவீரர்களில் தரைப்படையிலிருந்து ஒருவர், கடற்படையிலிருந்து ஒருவர், வான்படையிலிருந்து ஒருவர் என்று மூவரையும், 108-இல் களத்தில் பணியாற்றும் ஒரு தொழில்நுட்பரையும், தீயணைப்பு நிலைய அலுவலர் ஒருவரையும் கட்டாயம் அழைக்க வேண்டும். பாடத்திட்டத்தின் வரைவு ஒன்றை நாங்கள் சிலர் சேர்ந்து எழுதி வைத்திருக்கிறோம். கூட்டத்தின் தேதி தெரிந்தால் அதை முன்கூட்டியே தங்கள் அலுவலகத்தில் சேர்ப்பித்துவிடுவோம்.

தங்கள் உண்மையுள்ள,
முன்னாள் ஹவில்தார், படை மருத்துவப் பிரிவு
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்